நானா?

சித்தப்பாவை முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் முதல் ஒரு மாதம் அதைக் கோபம் என்று நினைத்து அழுதிருக்கிறது. எதிரே போய் நின்று, வாய் தெரியப் பேசினால் பாதி புரியும். மீதியை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார். "கடைக்குப் போறேன் சித்தப்பா" என்றால், "எந்தப் படைக்குடா?" என்பார். கடை, படை, தடை, சடை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். அ, ஆ, ஐ எல்லாம் நன்றாகவே வந்து சேர்கின்றன. க, ச, ட, ப எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை.

சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த திருவாரூரில் இருந்துகொண்டு இப்படி ஆவது தனிக் கொடுமை. தியாகராஜர் கோயிலில் பஞ்சமுக வாத்தியம் முழங்கினால் தலையாட்டுவார். "மோளம் வருது, ஜால்ரா வரல" என்பார். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அவர் காதுக்குள் மட்டும் சில்வண்டு கத்த ஆரம்பிக்கும். மழை நின்ற சம்பா வயலில் கத்துமே, அந்த மாதிரி. அது விடிகிறவரை நிற்காது.

வீட்டில் மூன்று மா நிலம், நாலு பிள்ளைகள். சித்தப்பா 1983-இல், பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனார். ஆள் எடுக்கும்போது காது பார்க்கிற முறை வேடிக்கையானது. பையனை முதுகு காட்டி நிற்க வைப்பார்கள். 610 சென்டிமீட்டர், அதாவது இருபதடி தள்ளி நின்று டாக்டர் கிசுகிசுப்பார். ஒரு காதை மூடிக்கொண்டு மற்றதால் கேட்டு, அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. சத்தத்தை அப்படியே ஒப்பிச்சேன். ஃபிட்டுன்னு போட்டுட்டாங்க" என்பார். இந்தக் கிசுகிசுப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பீரங்கிப் படை. பயிற்சி மைதானங்களில் பதினைந்து வருஷம். பிறகு 1999-இல் கார்கில். திராஸ் பக்கம் போஃபர்ஸ் பீரங்கி. அந்தப் போரில் நம் பக்கமிருந்து இரண்டரை லட்சத்துக்கு மேல் குண்டுகளும் ராக்கெட்டுகளும் சுடப்பட்டன என்பது பலமுறை அச்சான கணக்கு. அவற்றில் எத்தனை சித்தப்பாவின் காதோரம் புறப்பட்டன என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. காதில் என்ன வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "பஞ்சு. பல நேரம் அதையும் புடுங்கிப் போட்டுருவோம். ஆர்டர் காதுல விழணும்ல?" என்றார்.

140 டெசிபலைத் தாண்டும் வெடிச்சத்தம் ஒரே அடியில் காதைக் கெடுக்கும் என்கிறது மருத்துவம். பெரிய பீரங்கி அதை எளிதாகத் தாண்டும். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி இருக்கிற சுருளில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. அடிபட்டுச் சாய்ந்தால் அவை மறுபடி முளைப்பதில்லை. நாற்றாக இருந்தால் போன இடத்தில் நட்டுக்கொள்ளலாம்.

2001-இல் நடந்த வருடாந்தரப் பரிசோதனையில் சித்தப்பாவின் காது இறங்கியிருப்பது தெரிந்தது. பட்டாளத்தில் உடல்நிலையை 'ஷேப்' என்று ஐந்து எழுத்தில் வைப்பார்கள்: மனம், காது, கைகால், உடல்வலு, கண். எல்லாம் சரியென்றால் 'ஷேப் ஒன்'. சித்தப்பாவுக்குக் காது எழுத்தில் ஒன்று போய் இரண்டு ஆயிற்று. ஆனாலும் வேலையில் வைத்திருந்தார்கள். 2007-இல் ஹவில்தாராக ஓய்வு. வெளியே விடும்போது மருத்துவக் குழு ஒன்று உட்கார்ந்து கடைசியாக ஒரு தாளை நிரப்பும். அதில் எழுதினார்கள்: இரு காதிலும் நரம்புச் செவித்திறன் குறைவு, 20 விழுக்காட்டுக்குக் கீழ், நானா.

நானா என்பது நான்கு ஆங்கில எழுத்து, என்.ஏ.என்.ஏ. 'படைப்பணியால் வந்ததும் அல்ல, படைப்பணியால் கூடியதும் அல்ல' என்பதன் சுருக்கம். இதை உண்டாக்கியவருக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தமிழில் இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமையாது. இந்த வியாதிக்கு யார் காரணம் என்று ஒரு கேள்வி வருகிறது. இருபத்து நாலு வருஷம் சலாம் வைத்தவன் தன் நெஞ்சில் கை வைத்து, நானா? என்று நிற்கிறான். ஆமாம், நீதான் என்கிறது தாள்.

அந்த ஒரு சொல்லிலும் அதற்கு முன்னால் இருக்கிற '20-க்குக் கீழ்' என்பதிலும் எவ்வளவு பணம் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னாள் படைவீரர்கள் 'டிசபிலிட்டி பென்ஷன்' என்கிறார்களே, அதில் ஊனத்துக்கென்று தனிப் பங்கு ஒன்று உண்டு. நூறு விழுக்காடு ஊனம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. குறைந்தால் அதற்கேற்பக் குறையும். 20-க்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது. ஆனால் 20-ஐத் தொட்டுவிட்டால் 50 என்று உயர்த்திக் கணக்கிட வேண்டும். முழுக் காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களுக்கும் இந்த உயர்த்தல் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசிச் சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,500. அதற்கு மேல் அகவிலைப்படி. 19-க்கும் 20-க்கும் நடுவே இருக்கிற வரப்பு இவ்வளவு உயரம்.

சித்தப்பா ஒரு மேல்முறையீடு எழுதிப் போட்டார். மறு வருஷம் நாலு வரியில் பதில் வந்தது. உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. ஏன் என்பது நாலு வரியிலும் இல்லை. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அப்படி எழுதுகிற அலுவலகங்கள் நிறைய. சித்தப்பா அதை மடித்து, வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். பதினாறு வருஷம்.

போன நவம்பரில் உயிர்ச்சான்று பதிய வேண்டியிருந்தது. இப்போது பென்ஷனெல்லாம் 'ஸ்பர்ஷ்' என்ற கணினி ஏற்பாட்டுக்கு மாறிவிட்டது. ஏதோ ஒரு எண் வேண்டும் என்று பெட்டியைத் திறந்தோம். டிஸ்சார்ஜ் புக்குக்கு அடியில் அந்த நாலு வரி கிடந்தது. படித்துவிட்டு, "இதுக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். அவர் வேறெதையோ கேட்ட மாதிரி, "சாப்டாச்சு" என்றார்.

மன்னார்குடிப் பக்கம் அவருடைய பழைய நண்பர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற சுபேதார். அவர்தான் வழி சொன்னார். "முதல்ல புது டாக்டர் சீட்டு வாங்குங்க. மூடின கேஸைத் திறக்கணும்னா புதுசா ஏதாவது கையில இருக்கணும்."

தஞ்சாவூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பரிசோதித்தார். சீட்டு கொடுத்தார்: 'இரு காதிலும் செவித்திறன் குறைவு, காது கருவி பரிந்துரைக்கப்படுகிறது.' பத்திரமாகக் கொண்டுவந்து சுபேதாரிடம் காட்டினால் அவர் சிரித்துவிட்டார். "இது இன்னிக்குக் காது கேக்கலைன்னு சொல்லுது. அறுவது வயசுல எவனுக்குக் கேக்குது?"

இந்த இடத்தில்தான் ஊரில் பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள் என்று நினைக்கிறேன். புதிய மருத்துவச் சான்று என்றால் புதிய தேதி போட்ட சீட்டு என்று எண்ணிவிடுகிறோம். இன்றைய காதைப் பற்றி இன்று எழுதிய சீட்டு எதையும் திறக்காது. அன்றைய காதைப் பற்றி இன்று ஒரு நிபுணர் பேச வேண்டும். அவர் பேசுவதற்கு அன்றைய தாள் வேண்டும். அந்தத் தாள் யாரிடம் இருக்கிறது? மறுத்தவர்களிடமே இருக்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து எழுதினோம். முப்பது நாள் கெடு. கொஞ்சம் கூட ஆயிற்று. ஆனால் வந்தது. 1983-இல் சேர்த்தபோது எழுதிய மருத்துவத் தாள்: இரு காதிலும் 610. அந்தக் கிசுகிசுப்புதான்! 2001-இல் எடுத்த காதுப் பரிசோதனை வரைபடம். 2007-இன் கடைசித் தாள். அதில் 'நானா'வுக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. கட்டத்தில் 'பணியோடு தொடர்பில்லை' என்று இருந்தது. தொடர்பில்லாததற்குக் காரணம், தொடர்பில்லை என்பது!

திரும்பவும் தஞ்சாவூர். டாக்டர் 2001 வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அதில் கோடு நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் தொபுக்கென்று விழுந்து, 8,000-இல் மறுபடி ஏறுகிறது. வரைபடத்தில் ஒரு பள்ளம், வாய்க்காலுக்கு மடை வெட்டின மாதிரி. "வயசுக் காது இப்படி விழாது. சரிஞ்சுக்கிட்டே போகும், ஏறாது. இது சத்தத்தால வந்தது. அதுவும் முப்பத்தாறு வயசுல. இப்ப எடுத்த படத்துல வயசும் சேர்ந்து பள்ளம் தூர்ந்துபோச்சு. இந்தப் பழைய தாள் இல்லாட்டி நானே சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். இரண்டாவது சீட்டு ஒன்றரைப் பக்கம் வந்தது. 1983, 2001, இன்று என்று மூன்று காதையும் அடுத்தடுத்து வைத்துப் பேசியது. மூன்றிலும் ஆள் ஒருவரே.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன். சொல்லப்போனால் எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். 2007-இல் ஓய்வுபெற்றவருக்குப் பொருந்துவது 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள். அதில் தெளிவாக இருக்கிறது: தகுதியை நிரூபிக்கும்படி மனுதாரரைக் கேட்கக் கூடாது. நியாயமான ஐயம் எதுவானாலும் அதன் பலன் அவருக்கே. களப்பணியில் இருந்தவருக்கு இன்னும் தாராளமாக. சேரும்போது குறை எதுவும் எழுதப்படவில்லை என்றால், நல்ல உடலோடு வந்தார் என்றே கொள்ள வேண்டும். அதாவது தாளைத் தேடித் தஞ்சாவூருக்கும் தபால் நிலையத்துக்கும் அலைய வேண்டியது சித்தப்பாவே அல்ல.

இதை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தர்மவீர் சிங் வழக்கில் அழுத்திச் சொன்னது. அவர் 1985-இல் சிக்னல் படையில் சிப்பாயாகச் சேர்ந்து, 1994-இல் வலிப்பு என்று 20 விழுக்காடு ஊனத்தோடு வெளியே அனுப்பப்பட்டவர். வலிப்பு உடம்போடு வந்தது, பணியால் வந்ததல்ல என்று சொல்லிவிட்டார்கள். சேர்க்கும்போது அப்படியொன்றும் எழுதவில்லையே, இப்போது எப்படிச் சொல்கிறீர்கள், காரணம் எங்கே என்று கேட்டது நீதிமன்றம். பத்தொன்பது வருஷம் கழித்து அவர் பக்கம் தீர்ந்தது. அதே 2013-இல் வீர்பால் சிங் என்பவரின் வழக்கு. 1970-களில் மனநோய் என்று வெளியேற்றப்பட்டவர். மருத்துவக் குழு சொன்னதே வேதம் என்று விட்டுவிட முடியாது என்று சொல்லி, அவரை மறுபடி ஒரு மருத்துவக் குழு பார்க்க உத்தரவிட்டார்கள். 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கிலும் அதுதான்: காரணம் எழுதாத மருத்துவக் கருத்தை வைத்துக்கொண்டு ஓய்வூதியத்தை மறுக்க முடியாது. பன்னிரண்டு வருஷமாக ஒரே பாடத்தை நடத்துகிறார்கள். கடைசி பெஞ்சு எழுந்திருப்பதாக இல்லை.

விதிகளும் அப்படியே நிற்கவில்லை. 2008-இல் புதிய விதிகள் வந்தன. அவற்றின்படி, ஓய்வுபெற்றுப் பதினைந்து ஆண்டு கழித்துக் கேட்டால் நிரூபிக்கிற சுமை கேட்பவர் தலையில். 2023 செப்டம்பரில் இன்னொரு தொகுப்பு வந்தது. இன்று வெளியே வருகிற பையன்களுக்கு என் அறிவுரை சட்டப்படி எதுவும் இல்லை, வீட்டுப் பெரியவன் என்ற முறையில் ஒன்று உண்டு: கடைசித் தாளில் கையெழுத்துப் போடும் முன் காரணக் கட்டத்தைப் படியுங்கள். ஊருக்குப் போகிற ரயில் நினைப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

பொய்யாகக் கேட்பவர்கள் இல்லையா என்றால், இருப்பார்கள். ஊனப் பென்ஷனைச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பேச்சு வந்துதான் 2023 மாற்றமே வந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஒன்றில் எனக்கு உறுத்திய செய்தி வேறு. ஓய்வுபெறுகிற அதிகாரிகளில் ஊனப் பங்கு பெறுபவர்களின் விகிதம், சிப்பாய், ஹவில்தார்களைப்போல இருமடங்குக்கு மேல். பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரிந்தவர்களுக்கு இது வினோதமாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. அதிகாரிக்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று தெரியும். காதில் பஞ்சு வைத்தவனுக்குத் தெரியாது.

ஆளைப் பார்க்காமலே இல்லை என்று சொல்வதை டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. கதிர் வந்த பயிர் தண்ணீரில் சாய்ந்து கிடக்கும். பயிர்க் காப்பீட்டுக்காக ஊரில் எங்கோ நாலு இடத்தில் அறுத்துப் பார்த்து, சராசரி பரவாயில்லை, உங்கள் ஊருக்கு இழப்பீடு இல்லை என்று வரும். என் வயலைப் பார்த்தீர்களா என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. சித்தப்பா இரண்டையும் அனுபவித்தவர்.

திருவாரூர்க்காரன் நியாயம் பற்றி எழுதினால் மனுநீதிச் சோழன் தேரேறி வந்தே தீருவான். வந்தவனை ஒரு வரியில் அனுப்பிவிடுகிறேன்: மணியை இழுத்த பசுவிடம் ஆறு மாதக் கெடு தாண்டிவிட்டாய் என்று யாரும் சொல்லவில்லை. கலெக்டர் மனு வாங்குகிற நாளுக்குக்கூட மனுநீதி நாள் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான், தேர் போகட்டும்.

கெடு விஷயம் உண்மையிலேயே சிக்கல். முதல் மேல்முறையீடு, அதற்கு மேல் இரண்டாவது, அதற்கும் மேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-இன் சட்டத்தில் உண்டாகி 2009-இல் வேலை தொடங்கியது; நமக்குச் சென்னை அமர்வு. ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தாமதத்தை மன்னிக்கவும் அதிகாரம் உண்டு. பென்ஷன் என்பது மாதாமாதம் நிகழ்கிற பாக்கி என்பதால், தாமதமாக வந்தாலும் கதவைச் சாத்த வேண்டியதில்லை என்று 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் தீர்ந்திருக்கிறது. அவர் 1983-இல் வெளியேறி, 1999-இல்தான் உயர் நீதிமன்றம் போனார். பென்ஷன் கிடைத்தது. ஆனால் பழைய பாக்கி வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டுமே. பெட்டிக்குள் கிடந்த வருஷங்கள் பெட்டியோடு சரி. இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது முழுதும் புரிந்தது. "பதிமூணு வருசம் வட்டியில்லாம குடுத்திருக்கேன்னு சொல்லு" என்றார்.

அமெரிக்காவில் படைவீரர்கள் அதிகமாகக் கேட்டு வாங்குகிற ஊனம் எது தெரியுமா? குண்டடி இல்லை, காதிரைச்சல். நம் சில்வண்டுதான். அங்கே மறுத்த கோரிக்கையைத் திறக்க, புதிய, பொருத்தமான சான்று ஒன்று போதும் என்று 2019 பிப்ரவரி முதல் நடைமுறை. அங்கேயும் இழுபறி இல்லாமல் இல்லை. ஆனால் திறக்கிற சாவிக்கு ஒரு பெயராவது இருக்கிறது. இங்கே சாவி என்னவென்று மன்னார்குடி சுபேதார் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுகிறார்கள். சித்தப்பாவுக்கும் உதவினார்கள், முகம் பார்த்துப் பேசினார்கள்.

இரண்டாவது மேல்முறையீடு போயிருக்கிறது. தாமதத்துக்கு மன்னிப்புக் கோரி ஒரு தாள், டாக்டரின் ஒன்றரைப் பக்கம், 1983-இன் அந்த 610. மறுஆய்வு மருத்துவக் குழு முன் நிறுத்தும்படி கேட்டிருக்கிறோம். நிறுத்தினால் மறுபடி முதுகு காட்டி நிற்கச் சொல்வார்கள். சித்தப்பாவுக்கு அதில் ஒரு கவலை. "என்ன சொன்னாங்கன்னே தெரியாம நிக்கிறது அசிங்கமா இருக்குமேடா" என்கிறார். அதற்குத்தானே போகிறோம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

இப்போது பதிவுத் தபால் என்ற பெயரே போய் எல்லாம் ஸ்பீடு போஸ்ட் ஆகிவிட்டது. எங்கள் தெருவுக்குத் தபால் வருகிற நேரம் பதினொன்றரை. சைக்கிள் மணி அவருக்குக் கேட்காது, அதுவும் ஜால்ரா வகை. போன மாதம் ஒருநாள் தபால்காரர் மணியடித்துப் பார்த்து, வீட்டில் ஆளில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஓடிப்போய் வாங்கினோம். வந்தது வங்கிக் கடிதம். அதிலிருந்து சித்தப்பா பதினொரு மணிக்கே திண்ணைக்கு வந்து, தெருமுனையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறார்.